தோள் கொடுத்தவர்களும் சந்தா கொடுத்தவர்களும்

அன்று பெரட்டுக்களத்துக்கு வந்தவர்கள்: சங்கத் தலைவர் வேலு அண்ணன், என் அக்கா புருஷன் சன்னாசி மச்சான், ஜோசப், செயலாளர் என்ற முறையில் நான். இவர்களோடு, யாரும் எதிர்பாராத விதமாக, நடுக்கணக்கு அஞ்சலை.

வராதவர்கள்: மற்ற எல்லோரும்.

அவர்களில் ஒருத்தி என் அக்கா பாக்கியம். அவளை நாங்கள் கூப்பிடவும் இல்லை. மாத்தளை ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்து, லயத்து வரிசை வீட்டில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து இறங்கிய மூட்டத்தில் தேயிலை ஸ்டோர்க் கூரை பாதிதான் தெரிந்தது. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்தான் பெரட்டுக்களம். பொதுக்கூட்டம் என்று லயம் லயமாகப் போய்ச் சொல்லியிருந்தோம். ஈரமண்ணில் சாக்கை விரித்து உட்கார்ந்து வெகுநேரம் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“ஆரம்பிக்கலாமா?” என்றார் வேலு அண்ணன்.

“யாருக்கு?” என்றார் ஜோசப்.

சாக்குக் கட்டில்

போன வாரம் இந்தப் பத்தியில் மலையிலிருந்து இறங்கும் ஒற்றையடிப் பாதையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த பல்லேகம வாசகர் ஒருவர், தங்கள் பக்கத்திலும் நோயாளியைக் கட்டிலோடு கம்பில் கட்டித்தான் றோட்டுக்குக் கொண்டுவருவார்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவருக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

தோட்டத்தின் பிரிவுகளை நாங்கள் ‘கணக்கு’ என்போம். எங்களுடையது மேல்கணக்கு. அங்கிருந்து கல்படி வழியாக இறங்கினால் நடுக்கணக்கு. அதையும் தாண்டி ஓடையைக் கடந்தால் சிங்களக் கிராமம். அதற்கப்பால்தான் ரத்தோட்டை பஸ் ஓடும் றோட்டு. தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டிகளோடு போய்விட்டால், நோய் வந்தவர் லொறி திரும்பும்வரை நோயோடு இருக்க வேண்டியதுதான்.

அப்படி இருந்து ஒருவர் இறந்துபோன பிறகுதான் வேலு அண்ணன் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் என்றால் பலகை கிடையாது, முத்திரை கிடையாது. இரண்டு கித்துள் மரக் கம்பு, நடுவில் சாக்கு. கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைத்தான் வீட்டுக்கு ஒரு துண்டு வாங்கி ஒட்டுப்போட்டுத் தைத்தோம். அதனால் அந்தக் கட்டில் போகும்போதெல்லாம் லயத்து வாசலில் ஒரு குரல் கேட்கும்:

“அந்தக் கால்மாட்டுத் துண்டு எங்க வீட்டுதுடி!”

எங்கள் நால்வருக்கும் அது பெரிய சுமையாக இருக்கவில்லை. ஏனென்றால் நால்வர் மட்டும் எப்போதும் சுமந்ததில்லை. ஒவ்வொரு லயம் வரும்போதும், “தோளு... தோளு...” என்று கத்துவோம். அடுப்பில் இருந்தவன், முகம் மழித்துக்கொண்டிருந்தவன், சீட்டாடிக்கொண்டிருந்தவன் எல்லாம் ஓடி வந்து கம்புக்குக் கீழே தோளைக் கொடுப்பார்கள். அடுத்த லயம் வரைக்கும் அவர்கள். அங்கே வேறு ஆட்கள். ஓடையைக் கடந்தால் கிராமத்துப் பியசேன அய்யாவும் அவர் கூட்டாளிகளும். நோயாளி ஓட்டமும் நடையுமாக றோட்டுக்கு வந்துவிடுவார். கட்டில் தரையைத் தொடாது.

கட்டிலில் யார் என்று எவரும் கேட்டதில்லை. தோள் மாற்றிய பிறகுதான் குனிந்து பார்ப்பார்கள்.

காரணம் கேட்காத சங்கம்

ஊரில் நல்லபடியாகப் பேசப்படுவது என்பது மெல்ல வரும் காரியம். எங்களுக்கு அது எந்த நாளில் வந்தது என்று யோசித்தால், முத்துக்கறுப்பனைத் தூக்கிய நாளைத்தான் சொல்வேன்.

வயிற்றுவலி என்று சுருண்டு கிடந்தான். மழையில் தூக்கிக்கொண்டு ஓடினோம். றோட்டுக்கு வந்ததும் கட்டிலிலிருந்து இறங்கி, சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டான்.

“இப்ப பரவால்ல அண்ணே. நீங்க போங்க” என்று சொல்லிவிட்டுக் கள்ளுக்கடைப் பக்கம் நடந்தான்.

சன்னாசி மச்சான் கம்பை உருவப் போனார். வேலு அண்ணன் பிடித்துக்கொண்டார்.

“விடு மாப்புள. இன்னிக்கி இவன அடிச்சா, நாளைக்கி உண்மையிலயே வலி வந்தவன் கூப்புட யோசிப்பான்.”

இந்தக் கதை தோட்டம் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. ஆனால் அதற்குப் பிறகுதான், எங்களோடு பேசாத குடும்பங்கள்கூட ஆள் அனுப்பத் தொடங்கின. கூப்பிட்டால் வருவார்கள், ஏன் என்று கேட்கமாட்டார்கள் என்று ஆனது.

வேலு அண்ணன் வேறு இரண்டு பழக்கங்களும் வைத்திருந்தார். நோயாளி வீட்டில் தேத்தண்ணிகூடக் குடிக்கக்கூடாது. திரும்பி வரும்போது ஒவ்வொரு லயத்திலும் நின்று, ஆள் எப்படி இருக்கிறார் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். முதுகு ஒடிந்த நேரத்தில் இந்த இரண்டாவது பழக்கம் எனக்கு எரிச்சலாக இருக்கும். தோள் கொடுத்தவர்களுக்கு அந்தச் செய்தியைக் கேட்டால்தான் அந்த நாள் முடியும்.

ரத்தோட்டைக் கடைத்தெருவில் மிளகும் ஏலமும் வாங்கி விற்கும் சாகுல் நானா, எங்களைப் பார்த்துத்தான் தன் வேனைத் தர ஆரம்பித்தார். நாங்கள் போய்க் கேட்கவில்லை. ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவராக வந்து நிறுத்தினார்.

“பெற்றோல் சல்லியெல்லாம் அல்லாஹ் தருவான் மகன். சீட்டுல மட்டும் ரத்தம் படாமப் பாத்துக்கங்க. நாளைக்கி அதுலதான் மிளகு ஏத்தணும்.”

பெரிய கிளாக்கரின் யோசனை

களைப்பு எங்கே தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும்.

நாள் கூலியை எங்கள் பக்கம் ‘பேர்’ என்பார்கள். வேலை நேரத்தில் நோயாளியைத் தூக்கிப் போனால் அன்றைய பேர் இல்லை. நடுவழியில் தோள் கொடுப்பவர்களுக்கு அது பெரிய நட்டமில்லை. கொஞ்ச தூரம் ஓடிவிட்டு தேயிலை மலைக்கு வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். கடைசிவரை போகும் எங்கள் நால்வருக்குத்தான் மாதக் கடைசியில் கை வறண்டது. நான் எஸ்.எஸ்.சி. வரைக்கும் படித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை என்று சொல்லிக்கொண்டு தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள். அம்மா அதைப் பெருமையாகச் சொல்வதை அந்த நாட்களில் மெல்ல நிறுத்தியிருந்தாள்.

பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். கெட்ட மனிதர் அல்ல. ஒருநாள் ஒஃபீசுக்குக் கூப்பிட்டார்.

“தம்பி, நீர் படிச்ச பெடியன். இப்பிடிச் சாக்குத் தைச்சு எவ்வளவு காலம் ஓட்டப் போறீர்? துரையோட கதைச்சிட்டன். ஆளுக்கு மாசம் இருபத்தஞ்சு சதம் செக்ரோலில பிடிச்சுத் தாறம். தூக்கிற நாலு பேருக்கும் அண்டைக்கு முழுப்பேர். நல்ல கன்வஸ் கட்டில் ஒண்டும் வாங்கலாம். தோட்டம் பாதிக் காசு போடும்.”

செக்ரோல் என்பது சம்பளக் கணக்கு. அதில் பிடித்தால் சந்தா கேட்டு வீடு வீடாக ஏற வேண்டாம். எங்கள் நான்கு குடும்பத்துக்கும் சோறு. நோயாளிக்கு நனையாத கட்டில். இதில் பிழை எங்கே இருக்கிறது? நால்வரும் பேசினோம். வேலு அண்ணன் மட்டும் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு அவரும் சரி என்றார்.

பொதுக்கூட்டத்திலும் கேட்டோம். எல்லோரும் தலையாட்டினார்கள். செக்ரோலில் பிடிக்கப் போகிறோம் என்றால் தலையாட்டித்தான் அவர்களுக்குப் பழக்கம்.

முதல் சம்பள நாளில் அஞ்சலை சம்பளத் துண்டை நீட்டி என்னிடம் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

“அரிசிக்குப் புடிச்சாங்க. கம்பளிக்குப் புடிச்சாங்க. கோயிலுக்குப் புடிச்சாங்க. இப்ப சாகப்போறவளத் தூக்குறதுக்கும் புடிச்சாச்சா?” என்றாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அஞ்சலையின் வாய் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

புதுக் கட்டில் வந்தது. இரும்புக் குழாய், பச்சைக் கன்வஸ், மழைக்கு மேல்மூடி. பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்டில் சங்கத்தின் பெயர். சாகுல் நானா அதைத் தடவிப் பார்த்தார்.

“நல்லாத்தான் ஈக்கிது மகன். இவ்வளவு பெரிசா எழுதி ஈக்கிதே, படுத்துட்டுப் போறவனுக்கு வாசிக்கவா?”

பழைய சாக்குக் கட்டிலை யாரோ வாங்கிக்கொண்டுபோய் ஆட்டுக்கொட்டிலுக்கு மறைப்பாகக் கட்டினார்கள்.

அடுத்த மாதங்களில் தோளுக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். முதலில் மழை என்று நினைத்தோம். பிறகு கொழுந்து அதிகமான காலம் என்று நினைத்தோம். ஒருநாள் நடுக்கணக்கில் ஒருவர் வாசலில் பீடி குடித்தபடியே கையை ஆட்டி எங்களை வழியனுப்பினார், பஸ்ஸை அனுப்புகிற மாதிரி. ஓடைவரை நாங்கள் நால்வர் மட்டுமே சுமந்தோம். தோள் காய்த்துப் புண்ணானது. ஜோசப் கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டுதான் தூங்கினார். ஆனால் எங்களுக்கு முழுப்பேர் விழுந்தது. அதனால் வாய் திறந்து குறை சொல்லவும் ஒருமாதிரியாக இருந்தது.

பீலிக்கரை

அக்காவுக்கு அது முதல் பிரசவம். கலியாணமாகிப் பல வருடங்கள் சும்மா இருந்து உண்டான பிள்ளை. பிள்ளை வரம் கேட்டு மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்கு அவளும் மச்சானும் போய் வந்ததைப் பற்றி முன்னொரு வாரம் எழுதினேன். அந்தப் பிள்ளைதான்.

காலையில் வலி கண்டது. உச்சிவேளைக்கு மருத்துவச்சி வெளியே வந்து கையைத் துடைத்தாள்.

“புள்ள குறுக்க கெடக்கு. என்னால ஆகாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்க.”

லொறி காலையிலேயே மாத்தளைக்குப் போயிருந்தது. மழை. அக்காவைக் கன்வஸ் கட்டிலில் வைத்து மேல்மூடியை இழுத்துவிட்டோம். முன்பக்கம் மச்சானும் ஜோசப்பும். பின்பக்கம் வேலு அண்ணனும் நானும். இரும்புக் கட்டில் சாக்குக் கட்டிலைவிட நல்ல பாரம். கல்படியில் அது இழுத்த இழுப்புக்கு நாங்கள் போனோம். மூடிக்குள்ளிருந்து அக்கா பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

நடுக்கணக்குக் குழாய்த் தண்ணீர் விழும் பீலிக்கரைக்கு வந்தோம். மச்சான் கத்தினார்:

“தோளு... தோளு...”

மழை நாள், வேலை நிறுத்தியிருந்தார்கள். லயம் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். வாசல்களில் தலைகள் தெரிந்தன. ஒருவர் படியில் ஒரு கால் வைத்தார். உள்ளேயிருந்து ஏதோ குரல் கேட்டது, காலை எடுத்துக்கொண்டார்.

“தோளு!”

அஞ்சலை பீலியில் குடத்தோடு நின்றாள்.

“ஏன் கத்துறீங்க? பேர் போட்டுத்தானே தூக்குறீங்க, மெதுவாத் தூக்குங்க. நாங்களும் மாசா மாசம் குடுக்குறோமில்ல” என்றாள்.

யாரோ சிரித்தார்கள். மச்சான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே இருப்பது யார் என்றும் சொல்லவில்லை. அதைச் சொல்லிக் கேட்கிற வழக்கம் எங்களிடம் இருந்ததே இல்லை. அந்த நேரத்தில் அவருக்கு அது தோன்றவும் இல்லை என்று பிறகு சொன்னார்.

பீலிக்கு அப்பால் கட்டிலைத் தரையில் வைத்தோம். சங்கம் தொடங்கிய பிறகு கட்டில் பாதையில் தரையைத் தொட்டது அப்போதுதான். மூச்சு வாங்கினோம். தூக்கினோம். அடுத்த திருப்பத்தில் மறுபடி வைத்தோம். ஓடைவரை இப்படியே போனது.

ஓடைக்கு அந்தப் பக்கம் வயலில் பியசேன அய்யா நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, இரண்டு பேரைக் கூவி அழைத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வந்தார். அவருக்குச் செக்ரோலும் தெரியாது, சந்தாவும் தெரியாது. சேற்றுத் தோளைக் குழாய்க்குக் கீழே கொடுத்துவிட்டு எங்களுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தார்.

“கோ மினிஸ்சு?” என்று கேட்டார். ஆட்கள் எங்கே என்று.

நாங்கள் குனிந்தபடி நடையை எட்டிப் போட்டோம்.

சாகுல் நானா வேனை விரட்டினார். ஆஸ்பத்திரியில் அக்காவை உள்ளே எடுத்தார்கள். இருட்டுவதற்குள் நேர்ஸ் ஒருத்தி வெளியே வந்தாள். தாய் பிழைத்துவிட்டாள் என்றாள். இன்னும் கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று சொல்ல ஆரம்பித்து, மச்சானின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

ஆண் பிள்ளை. சாகுல் நானா வெளியே போய், தெரிந்த கடையொன்றைத் திறக்கச் சொல்லி, வெள்ளைத் துணி வாங்கி வந்தார்.

அன்றைக்குத் திரும்பும்போது நாங்கள் எந்த லயத்திலும் நிற்கவில்லை. செய்தி சொல்லவும் இல்லை.

மறுபடியும் பெரட்டுக்களம்

அதற்குப் பிறகுதான் அந்தக் கூட்டம். வேலு அண்ணன் எழுந்து நின்று, எங்கள் நால்வருக்கும் அஞ்சலைக்குமாகப் பேசினார். செக்ரோலில் பிடிப்பதை நிறுத்தச் சொல்வது, பிடித்ததைத் திருப்பிக் கொடுப்பது, அவ்வளவுதான் தீர்மானம்.

அஞ்சலை தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். மச்சானைப் பார்த்துத்தான் பேசினாள்.

“மூடி போட்டு மூடிக்கிட்டுப் போனீங்க. உள்ளுக்கு யாருன்னு எங்களுக்கு எப்புடித் தெரியும்? நம்ம பாக்கியம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா லயமே ஓடி வந்திருக்குமே அண்ணே!”

மச்சான் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். வேலு அண்ணன்தான் கேட்டார்.

“முந்தியெல்லாம் யாருன்னு கேட்டுக்கிட்டா வந்தீங்க, அஞ்சல?”

அவள் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு பாதையில் இறங்கிப் போய்விட்டாள்.

எனக்கு அவள்மேல் கோபம் வரவேண்டும். வரவில்லை. அவளிடம் நாங்கள் தோளைத்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். அதை விட்டுவிட்டு இருபத்தைந்து சதம் போதும் என்று நாங்களே சொன்னோம். அவள் அதைச் சரியாகக் கொடுத்துவந்தாள்.

மறுநாள் பெரிய கிளாக்கரிடம் போனோம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அக்காவின்ர விசயம் கேள்விப்பட்டன். மனசுக்குச் சரியான கஷ்டமாப் போச்சுது தம்பி. நிப்பாட்டிறதெண்டால் நிப்பாட்டலாம். ஆனால் உங்களுக்குப் போட்ட முழுப்பேர் அந்த ஏற்பாட்டில போட்டது. அதைத் துரை திருப்பிப் பிடிக்கச் சொல்லுவார். கட்டிலுக்குத் தோட்டம் போட்ட பாதியும்தான்.”

“புடிச்சுக்கங்க ஐயா” என்றார் மச்சான். அந்த வாரத்தில் அவர் பேசியது அவ்வளவுதான்.

கட்டிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி எடுத்துக்கொண்டது. எடுத்த விலைபோக மிச்சம் எங்கள் தலையில் விழுந்தது. வேலு அண்ணன் ஆட்டை விற்றார். ஜோசப் கைக்கடிகாரத்தை விற்றார். எனக்கு விற்க ஒன்றும் இல்லை. மாதா மாதம் கூலியில் விட்டுக்கொடுத்தேன். லயம் லயமாக ஏறிச் சந்தாவைத் திருப்பிக் கொடுத்தோம். சிலர் கையை நீட்டினார்கள். சிலர், “வச்சுக்கங்க, அதனால என்னா” என்றார்கள். வேலு அண்ணன் வாசற்படியில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

ஒரு சாயங்காலம் எங்கள் காம்பரா வாசலில் ஒரு படங்குச் சாக்கு மடித்து வைத்திருந்தது. துவைத்த சாக்கு. யார் வைத்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு

ஆட்டுக்கொட்டிலிலிருந்து பழைய கட்டிலை அவிழ்த்து வந்து, கிழிந்த இடத்தில் அந்தச் சாக்கை வைத்துத் தைத்தோம். பெயின்ட் அடிக்கவில்லை.

அடுத்து நாங்கள் தூக்கியது காய்ச்சலில் கிடந்த ஒரு கிழவரை. பீலிக்கரைக்கு வந்தோம். மச்சான்தான் கூப்பிட்டார். முன்பு மாதிரிக் கத்தவில்லை.

“தோளு...”

கொஞ்ச நேரம் பீலித் தண்ணீர் விழும் சத்தம் மட்டும். பிறகு இரண்டு பேர் வந்தார்கள். ஓடைக்கு முன்னால் இன்னொருவர் வந்தார். முன்பு தோளுக்கு இடம் கிடைக்காமல் சண்டை போடுவார்கள். அந்த நாள் திரும்பி வர வெகுகாலம் ஆயிற்று. முழுதாக வந்ததா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. திரும்பும்போது எல்லா லயத்திலும் நின்று, கிழவருக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது என்று சொன்னோம். வாசலில் நின்றவர்கள் “ஆமா”, “சரி” என்றார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் முதல் அவள் மலைக்குப் போவதாக இருந்தது. படங்குக் கயிற்றை முடிச்சுப் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். என் தோளைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு சங்கத்தைப் பற்றி அவள் எதுவும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டாள்.

“எல்லாம் அடைச்சு முடிஞ்சிருச்சாடா?”

“போன சம்பளத்தோட முடிஞ்சிருச்சுக்கா.”

கயிற்றை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

“மொத்தம் எவ்வளவுடா போச்சு?”

“இருநூத்திப் பதினேழு ரூவா அம்பது சதம்க்கா” என்றேன்.